சொந்த ஹெடர் சேர்த்த பிறகு லினக்ஸ் கெர்னலில் பிரச்சினையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

பாக்கெட்டில் சொந்தமாக ஒரு ஹெடர் சேர்க்கும் மாட்யூல் எழுதினால் முதல் நாளே எல்லாம் ஓடுவதுபோல் தெரியும். பிங் போகும், எதிர்முனையில் எண்கள் சரியாக விழும், சந்தோஷமாக இருக்கும். மறுநாள் நிஜ மெஷினில் ஏற்றியதும் கெர்னல் விழும், அல்லது பாக்கெட் எங்கோ காணாமல் போகும், அல்லது பெரிய கோப்பு அனுப்பும்போது மட்டும் தொங்கி நிற்கும். காரணம் பெரும்பாலும் ஹெடரை எழுதிய வரிகளில் இருக்காது. பாக்கெட்டின் நீளம், முன்னால் இருக்கும் காலி இடம், செக்சம், பைட் வரிசை என்று கெர்னலில் பலரும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நீங்கள் நடுவில் சில பைட்டுகளைச் செருகிவிட்டு அந்தக் கணக்குகளில் ஒன்றைத் திருத்தாமல் விட்டிருப்பீர்கள். எந்தக் கணக்கு என்பதை அறிகுறியே சொல்லிவிடும், அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

பேச வசதியாக ஒரு மாதிரியை வைத்துக்கொள்வோம். ஈதர்நெட் ஹெடருக்கும் ஐபி ஹெடருக்கும் நடுவில் உங்கள் ஹெடர். அதில் ஒரு பைட் வெர்ஷன், ஒரு பைட் கொடிகள், 2 பைட் உள்ளே இருப்பது என்ன வகை, 2 பைட் நீளம், 4 பைட் வரிசை எண். கூட்டினால் 10, ஆனால் நடுவில் 2 பைட் காலியாக விட்டு மொத்தம் 12 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று கீழே வரும். ஈதர்டைப்புக்கு, அதாவது ஈதர்நெட்டுக்குள் இருப்பது என்ன வகை என்று சொல்லும் 2 பைட் எண்ணுக்கு, ஹெக்ஸில் 88பி5 எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பரிசோதனைக்கென்றே ஐஇஇஇ ஒதுக்கிய இரண்டு எண்களில் இது ஒன்று, மற்றது 88பி6. அனுப்பும் பக்கத்தில் நிஜ நெட்வொர்க் கார்டின் மேல் உட்காரும் ஒரு மெய்நிகர் டிவைஸ், வாங்கும் பக்கத்தில் டெவ்_ஆட்_பேக் மூலம் பதிவு செய்த ஒரு ஹேண்ட்லர். ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன், அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு இருக்கும், கெர்னல் நிரலில் தேடினால் கிடைத்துவிடும்.

இன்னொன்று, சோதனையை உங்கள் வேலை மெஷினில் செய்யாதீர்கள். கியூஎமு என்ற மெய்நிகர் மெஷினில் ஒரு கெர்னலை ஓட்டி, நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசானை இயக்கிக் கட்டி, அதற்குள் இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (தனித்தனி நெட்வொர்க் அமைப்புகள்), நடுவில் இரண்டையும் மெய்நிகர் கம்பிபோல் இணைக்கும் ஒரு வீஈத் ஜோடி போட்டால் போதும். ஆனால் வீஈத்தில் ஓடுவது எல்லாம் நிஜக் கார்டில் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள், ஏன் என்று கீழே இரண்டு மூன்று இடத்தில் வரும்.

கெர்னல் விழுகிறது, லாகில் எஸ்கேபி_அண்டர்_பேனிக் என்று இருக்கிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். கெர்னல் ஒவ்வொரு பாக்கெட்டையும் வைத்திருக்கும் எஸ்கேபி பஃபரில் ஹெட், டேட்டா, டெய்ல், எண்ட் என்று நான்கு குறிகள். ஹெட்டுக்கும் டேட்டாவுக்கும் நடுவில் இருப்பது ஹெட்ரூம், அதாவது முன்னால் ஹெடர் சேர்க்க விட்டு வைத்த காலி இடம். எஸ்கேபி_புஷ் செய்வது ஒன்றே ஒன்று, டேட்டா குறியை அத்தனை பைட் முன்னால் நகர்த்துவது. நகர்த்திய பிறகு அது ஹெட்டையும் தாண்டிவிட்டால் கெர்னல் அங்கேயே நிறுத்திவிடுகிறது. அது செய்வது சரிதான், தாண்டி எழுதினால் வேறு யாருடைய நினைவகமோ கெடும்.

அந்த லாக் வரியை அவசரமாகக் கடக்காமல் படியுங்கள், அதிலேயே எல்லாம் இருக்கிறது. புட் என்ற இடத்தில் எத்தனை பைட் தள்ளப் பார்த்தார்கள் என்ற எண் இருக்கும். ஹெட், டேட்டா இரண்டின் முகவரியும் இருக்கும், ஹெட்டிலிருந்து டேட்டாவைக் கழித்தால் எத்தனை பைட் பற்றாக்குறை என்று வரும். இதில் பலரையும் வழிதவற வைப்பது என்னவென்றால், புட் என்ற இடத்தில் 12 இல்லாமல் 14 இருக்கும், டெக்ஸ்ட் முகவரி உங்கள் மாட்யூலைக் காட்டாமல் ஈத்_ஹெடர் என்ற கெர்னல் ஃபங்ஷனைக் காட்டும். உடனே "நம் நிரல் சரி, கெர்னலில்தான் பிழை" என்று தோன்றும். நடந்தது இது. ஐபி அடுக்கு பாக்கெட்டை உருவாக்கும்போது டிவைஸின் ஹார்ட்_ஹெடர்_லென், நீடட்_ஹெட்ரூம் இரண்டையும் கூட்டி 16இன் மடங்காக ஏற்றி இடம் விடுகிறது. உங்கள் டிவைஸ் எதுவும் சொல்லாததால் விட்டது 16 பைட். உங்கள் 12 அதில் அடங்கிவிட்டது, மீதி 4. அடுத்து ஈதர்நெட்டின் 14 வந்தது, இடம் இல்லை, விழுந்தது. இடத்தைச் சாப்பிட்டது நீங்கள், மாட்டிக்கொண்டது ஈத்_ஹெடர்.

இதே பிழையில் இன்னொரு குழப்பமும் உண்டு. டிசிபி ஓடும், பிங்கும் யுடிபியும் போட்டால் விழும். டிசிபி தன் பாக்கெட்டுக்கு முன்னால் தாராளமாக, நூறு பைட்டுக்கு மேல் இடம் விட்டு வைக்கிறது. மற்றவை டிவைஸ் சொன்ன அளவுக்கு மட்டும் விடுகின்றன. அதனால் எஸ்எஸ்எச் மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

சரி செய்ய இரண்டு இடத்தில் வேலை இருக்கிறது, இரண்டும் வேண்டும். டிவைஸை அமைக்கும்போது நீடட்_ஹெட்ரூமில் உங்கள் 12, கீழே உள்ள கார்டின் ஹார்ட்_ஹெடர்_லென், அதன் நீடட்_ஹெட்ரூம் மூன்றையும் கூட்டி வையுங்கள். இது ஒரு கோரிக்கைதான், எல்லாப் பாக்கெட்டும் அதை மதித்து வரும் என்ற உத்தரவாதம் இல்லை. அதனால் அனுப்பும் ஃபங்ஷனில் புஷ் செய்வதற்கு முன் எஸ்கேபி_கவ்_ஹெட்டை, தேவைப்படும் மொத்த இடத்தைக் கொடுத்து அழையுங்கள். இடம் போதவில்லை என்றாலும், ஹெடர் பகுதி வேறொரு நகலோடு பகிரப்பட்டிருந்தாலும், அது புதுப் பஃபர் எடுத்து மாற்றித் தரும். பூஜ்யம் அல்லாத எதையாவது திருப்பினால் நினைவகம் கிடைக்கவில்லை என்று அர்த்தம், பாக்கெட்டை விடுவித்து, டிராப் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

முக்கியமாக ஒன்று. எஸ்கேபி_கவ்_ஹெட்டுக்கு முன்னால் ஐபி ஹெடரின் பாயின்டரை ஒரு மாறியில் எடுத்து வைத்திருந்தால், அதற்குப் பிறகு அந்தப் பாயின்டர் செல்லாது. பஃபர் மாறியிருக்கலாம். திரும்ப எடுங்கள். இந்தத் தவறு பத்துக்கு ஒன்பது தடவை ஓடிவிடும், பத்தாவது தடவை விடுவித்த நினைவகத்தில் படிக்கும். கேசான் இல்லாமல் இதைப் பிடிப்பது பெரும் பாடு. கெர்னலில் உள்ள பேட்மேன்-அட்வான்ஸ்டு என்ற மெஷ் நெட்வொர்க் மாட்யூலின் நிரலில் கவ், புஷ் இரண்டையும் ஒரே சிறு ஃபங்ஷனில் சேர்த்து வைத்து எல்லா இடத்திலும் அதையே அழைக்கிறார்கள், நல்ல பழக்கம், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எஸ்கேபி_ஓவர்_பேனிக் வந்தால் அது பின்பக்கம். எஸ்கேபி_புட் செய்யும்போது டெய்ல் எண்டைத் தாண்டுகிறது, பஃபர் எடுக்கும்போதே அளவைக் குறைவாகக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் எஸ்கேபி_ரிசர்வ் செய்த இடத்தைக் கூட்டிக் கேட்க மறந்திருப்பீர்கள்.

அனுப்பும் மெஷினில் டிசிபிடம்ப் காட்டுகிறது, வாங்கும் பக்க ஹேண்ட்லர் அழைக்கப்படவே இல்லை

முதலில், பாக்கெட்டுகளை எட்டிப் பார்க்கும் கருவியான டிசிபிடம்ப் அனுப்பும் மெஷினில் காட்டுவதால் பாக்கெட் கம்பியில் ஏறிவிட்டது என்று ஆகாது. டிரைவரிடம் கொடுப்பதற்குச் சற்று முன்னால் எடுத்த நகல் அது. வாங்கும் மெஷினில் பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் பிரச்சினை நடுவில், அநேகமாக எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு), அதைக் கீழே பார்க்கலாம். இரண்டு மெஷினும் கிளவுடில் இருந்தால் நேரத்தை வீணாக்காதீர்கள், பல கிளவுட் நெட்வொர்க்குகள் தெரியாத ஈதர்டைப்பைக் கடத்துவதே இல்லை. அங்கே ஐபிக்கு மேலே அல்லது யுடிபிக்குள்ளே வைத்து அனுப்புவதுதான் வழி.

வாங்கும் மெஷினில் டிசிபிடம்ப்புக்குத் தெரிகிறது, ஹேண்ட்லருக்கு மட்டும் வரவில்லை என்றால் /ப்ராக்/நெட்/பிடைப் கோப்பைத் திறந்து பாருங்கள். பதிவான ஒவ்வொரு ஹேண்ட்லரும் அதன் ஈதர்டைப்போடு அங்கே வரிசையாக இருக்கும். உங்களுடையது 88பி5 என்று இருக்க வேண்டிய இடத்தில் பி588 என்று இருந்தால் கதை முடிந்தது: பதிவு செய்யும்போது, எண்ணை நெட்வொர்க் பைட் வரிசைக்கு மாற்றும் எச்டிஓஎன்எஸ் போட மறந்துவிட்டீர்கள். எக்ஸ்86, வழக்கமான ஆர்ம் எல்லாம் சிறு பைட்டை முதலில் வைப்பவை, நெட்வொர்க்கில் பெரிய பைட் முதலில். ஆச்சரியமான விஷயம், அனுப்பும் பக்கத்திலும் அதையே மறந்திருந்தால் இரண்டு தவறும் ஒன்றையொன்று சரிக்கட்டி எல்லாம் ஓடும்! வேறு யாராவது எழுதிய கருவி குறுக்கே வரும்போதுதான் வெளியே தெரியும். இதற்கு மருந்து ஸ்பார்ஸ் என்ற நிரல் சரிபார்ப்புக் கருவி. ஹெடர் அமைப்பில் 2 பைட், 4 பைட் புலங்களுக்கு பெரும் பைட் வரிசையைக் குறிக்கும் __பிஇ16, __பிஇ32 வகைகளைப் போட்டு, மேக் கட்டளையில் சி=1 சேர்த்துக் கட்டினால் எந்த வரியில் மாற்றாமல் விட்டீர்கள் என்று அதுவே சொல்லும். இதை முதல் நாளிலிருந்தே செய்யுங்கள்.

எண்ணையே சொந்தமாகக் கற்பனை செய்து, ஹெக்ஸில் 0100 மாதிரி ஏதாவது வைத்திருந்தாலும் ஹேண்ட்லர் வராது. அந்த இடத்தில் 1536க்குக் குறைவான எண் இருந்தால் கெர்னல் அதை வகை என்று எடுத்துக்கொள்ளாது, பழைய 802.3 முறையில் நீளம் என்று எடுத்துக்கொண்டு வேறு பாதையில் அனுப்பிவிடும்.

அடுத்தது நான் இரண்டு நாள் தொலைத்த இடம். டிசிபிடம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் வேலை செய்யும், அதை நிறுத்தினால் பாக்கெட் நின்றுவிடும். திரும்ப ஓட்டினால் திரும்ப வரும். டைமிங் பிழை, லாக்கிங் பிழை என்று எங்கெங்கோ தேடினேன். உண்மையில் சேருமிட மேக் முகவரி தவறு. டிசிபிடம்ப் கார்டை ப்ராமிஸ்குவஸ் நிலைக்கு மாற்றுகிறது, அப்போது யாருக்கு வந்த பாக்கெட்டையும் கார்டு உள்ளே விடும், ஹேண்ட்லர் அதையும் எடுத்து ஓட்டும். டிசிபிடம்ப் நின்றதும் கார்டு தனக்கு இல்லாததை வாசலிலேயே தள்ளிவிடுகிறது. இனி இப்படிப் பார்க்கும்போது சின்ன பி கொடியைச் சேர்த்து, ப்ராமிஸ்குவஸ் இல்லாமல் பாருங்கள். ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே பிகேடி_டைப் என்ற புலம் பாக்கெட்_அதர்ஹோஸ்ட் என்றிருந்தால் விட்டுவிடுங்கள், அப்போது தவறு உடனே வெளியே வரும். மல்டிகாஸ்ட் முகவரிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அந்த முகவரியை டெவ்_எம்சி_ஆட் மூலம் கார்டிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றாலும் இதே அறிகுறிதான்.

ஹேண்ட்லர் வருகிறது, ஆனால் புலங்களில் குப்பை

எல்லாப் புலமும் 14 பைட் தள்ளித் தெரிந்தால், ஈதர்நெட் ஹெடரைத் தாண்டுவதாக நினைத்து டேட்டாவோடு 14 கூட்டியிருக்கிறீர்கள். ஹேண்ட்லருக்கு வரும்போதே டேட்டா குறி ஈதர்நெட்டைத் தாண்டித்தான் நிற்கும், கூட்ட வேண்டாம்.

முதல் மூன்று நான்கு புலங்கள் சரி, வரிசை எண் மட்டும் தவறு என்றால் அமைப்பில் ஓட்டை விழுந்திருக்கிறது. மேலே நான் சொன்ன புலங்களைக் கூட்டினால் 10 பைட். ஆனால் சி கம்பைலர் 4 பைட் எண்ணை 4இன் மடங்கில் வைக்கும் என்பதால் 6ஆவது இடத்தில் வர வேண்டியதை 8ஆவது இடத்துக்குத் தள்ளி மொத்தம் 12 ஆக்கிவிடும். இரு பக்கமும் கெர்னல் என்றால் இரண்டும் ஒரே மாதிரி தவறி, ஒன்றும் தெரியாது. எதிர்ப்பக்கம் ஒரு பைதான் ஸ்கிரிப்டோ எஃப்பிஜிஏவோ இருந்தால் அப்போது தெரியும். பலர் சொல்லும் தீர்வு, ஓட்டை விடாமல் நெருக்கி அடுக்கு என்று சொல்லும் பேக்டு என்பதை அமைப்பின் தலையில் எழுதிவிடுவது. எனக்கு அது பிடிக்காது. பேக்டு போட்டால் சீரான முகவரியில் இருக்கும் என்று கம்பைலர் நம்பாது, சில ஆர்கிடெக்சரில் ஒவ்வொரு பைட்டாக எடுத்துச் சேர்க்கும். அதோடு 10 பைட் ஹெடர் என்றால் அதன் பின்னால் வரும் ஐபி ஹெடரும் 4இன் மடங்கிலிருந்து விலகிவிடும். அந்த 2 பைட்டை ரிசர்வ்டு என்று நீங்களே பெயர் வைத்து எழுதுங்கள், மொத்தம் 12, எல்லாம் சீராக உட்காரும். பிறகு ஒரு ஸ்டாட்டிக் அசர்ட் போட்டு அளவு 12 இல்லையென்றால் கட்டுவதே நிற்கும்படி செய்யுங்கள். கொடிகளுக்கு சி மொழியின் பிட்ஃபீல்டைப் பயன்படுத்தாதீர்கள், பிட் வரிசை மெஷினுக்கு மெஷின் மாறும். முழு பைட்டாக எடுத்து மாஸ்க் போடுவதே நிம்மதி. ரிசர்வ்டு புலத்தில் பூஜ்யம் எழுத மறக்காதீர்கள், இல்லையென்றால் கெர்னல் நினைவகத்தின் பழைய பைட்டுகள் கம்பியில் வெளியே போகும். அது வெறும் அசிங்கம் அல்ல, பாதுகாப்பு ஓட்டை.

சின்ன பாக்கெட்டில் புலங்கள் சரி, பெரிய பாக்கெட்டில் மட்டும் குப்பை. இது எனக்கு மிகவும் பிடித்த பிழை, காரணம் தெரிந்தால் கெர்னல் எவ்வளவு யோசித்து எழுதப்பட்டிருக்கிறது என்று புரியும். பாக்கெட்டின் எல்லா பைட்டும் ஒரே தொடர் பஃபரில் இருக்க வேண்டும் என்று இல்லை. முன்பகுதி மட்டும் அதில், மீதி தனிப் பக்கங்களில் துண்டாகக் கிடக்கலாம். சில டிரைவர்கள் சின்ன பாக்கெட்டை முழுதாகத் தொடர் பஃபரில் நகலெடுக்கும். பெரிய பாக்கெட் என்றால் ஹெடர்கள் எங்கே முடிகின்றன என்று ஈத்_கெட்_ஹெட்லென்னிடம் கேட்டு அதுவரை மட்டும் நகலெடுக்கும். அந்த ஃபங்ஷனுக்கு உங்கள் ஈதர்டைப் தெரியாது, அதனால் ஈதர்நெட்டின் 14 பைட்டோடு நிறுத்திவிடும். உங்கள் ஹெடரின் முதல் பைட்டே துண்டுப் பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் டேட்டா பாயின்டரை நம்பிப் படிப்பது எல்லைக்கு வெளியே. வீஈத்தில் இது எளிதில் வராது, நிஜக் கார்டில்தான் வரும்.

தீர்வு ஒரே வரி: படிப்பதற்கு முன் பிஎஸ்கேபி_மே_புல்லை 12 கொடுத்து அழையுங்கள். அத்தனை பைட்டைத் தொடர் பஃபருக்கு இழுத்துவரும். பொய் என்று திருப்பினால் பாக்கெட்டே அவ்வளவு நீளம் இல்லை, விடுவித்துவிடுங்கள். நீளச் சோதனையும் இதிலேயே நடந்துவிடுவதால் வேண்டுமென்றே யாராவது 3 பைட் பாக்கெட் அனுப்பினாலும் நீங்கள் தப்பிப்பீர்கள். எஸ்கேபி_கவ்_ஹெட்டுக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும், இதன் பிறகு எல்லாப் பாயின்டரையும் புதிதாக எடுங்கள்.

டேட்டாவின் கடைசியில் பூஜ்யங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றனவா? ஈதர்நெட் ஃப்ரேம் குறைந்தது 60 பைட் இருக்க வேண்டும், கடைசிச் சரிபார்ப்பு 4 பைட்டைச் சேர்க்காமல். குறைந்தால் கார்டு அல்லது டிரைவர் நிரப்பி அனுப்பும். உள்ளே ஐபி இருந்தால் அது தன் நீளத்தைப் பார்த்து வெட்டிக்கொள்ளும், உங்கள் சொந்த டேட்டா இருந்தால் நீங்கள்தான் வெட்ட வேண்டும். ஹெடரில் நீளம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். அதைப் பார்த்து பிஎஸ்கேபி_ட்ரிம்_ஆர்சிசம் அழையுங்கள், ஆனால் அதற்கு முன் அந்த நீளம் உண்மையில் வந்த நீளத்தைத் தாண்டவில்லை என்று சரிபாருங்கள். எதிர்முனை சொல்லும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

பிங் போகிறது, எஸ்எஸ்எச் உள்ளே நுழைகிறது, பெரிய கோப்பு அனுப்பினால் தொங்குகிறது

இரண்டு காரணம், அடுத்தடுத்து சோதிக்க வேண்டும்.

முதலாவது எம்டியு. உள்ளே 1500 பைட் ஐபி பாக்கெட், அதன் மேல் உங்கள் 12, கார்டோ சுவிட்சோ 1500க்கு மேல் எடுக்காமல் சத்தமில்லாமல் போட்டுவிடும். உங்கள் மெய்நிகர் டிவைஸின் எம்டியுவைக் கீழ்க் கார்டின் எம்டியுவிலிருந்து 12 குறைத்து 1488 ஆக்குங்கள். சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு பிங் அனுப்புங்கள்: 1488இல் ஐபிக்கு 20, ஐசிஎம்பிக்கு 8 போக 1460 பைட் டேட்டா போக வேண்டும், 1461 போகக் கூடாது. கீழ்க் கார்டின் எம்டியுவைப் பிறகு யாராவது மாற்றினால் உங்களுடையதும் மாற வேண்டும், அதற்கு நெட்டிவைஸ் நோட்டிஃபையரில் பதிவு செய்துகொள்ளுங்கள். வீஈத்தில் சோதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அது எம்டியு, ஈதர்நெட் ஹெடர் இரண்டுக்கும் மேலே விலேனுக்காக இன்னும் 4 பைட் இளகிக்கொடுக்கும். உங்கள் ஹெடர் 4 பைட் என்றால் எம்டியுவைக் குறைக்காமலே வீஈத்தில் ஓடிவிடும், வெளியே போனால் சுவிட்சைப் பொறுத்து விழலாம்.

எம்டியு சரியாக இருந்தும் தொங்கினால், அடுத்தது ஜிஎஸ்ஓ. டிசிபி 1500 பைட்டாக நறுக்கி அனுப்புவதில்லை. 64 கிலோபைட் வரை ஒரே எஸ்கேபியாகக் கொடுத்து, கடைசி நேரத்தில் கெர்னலோ கார்டோ நறுக்கட்டும் என்று விடுகிறது. அந்தப் பெரிய எஸ்கேபியின் தலையில் நீங்கள் ஒரே ஒரு ஹெடர் வைத்தால், நறுக்க வேண்டியவர் 88பி5 என்ற வகையைப் பார்த்து இதை எப்படி நறுக்குவது என்று தெரியாமல் கீழே போட்டுவிடுவார், அல்லது கார்டு தப்பாக நறுக்கும். இதை உறுதி செய்ய ஈத்டூல் வைத்து இரு டிவைஸிலும் டிஎஸ்ஓ (கார்டு நறுக்குவது), ஜிஎஸ்ஓ (கெர்னல் நறுக்குவது) இரண்டையும் அணைத்துப் பாருங்கள், ஓடினால் இதுதான்.

அணைத்து வைத்ததையே தீர்வு என்று விட்டுவிடாதீர்கள். மெய்நிகர் டிவைஸ் என்றால், அமைக்கும்போது கீழ்க் கார்டின் ஃபீச்சர்களை அப்படியே நகலெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வேறு டிரைவரைப் பார்த்து எழுதும்போது இந்த வரி கூடவே வந்துவிடும். "எனக்கு ஜிஎஸ்ஓ தெரியும்" என்று உங்கள் டிவைஸ் சொல்வதால்தான் கெர்னல் நறுக்காமல் கொடுக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டால் கெர்னலே முன்கூட்டி நறுக்கி, டிவைஸ் செக்சம் போடும் என்று சொல்லாததால் செக்சமும் போட்டுக் கொடுத்துவிடும். டிவைஸ் இல்லாமல், பாக்கெட்டைப் போகும் வழியில் பிடிக்கும் நெட்ஃபில்டர் கொக்கியில் ஹெடர் சேர்ப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது, அந்த இடத்தில் பாக்கெட் நறுக்கப்படாமல்தான் வரும். நீங்களே எஸ்கேபி_ஜிஎஸ்ஓ_செக்மென்ட் அழைத்து, கிடைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஹெடர் வைக்க வேண்டும். செக்சமும் பாதியில் நிற்கும், கார்டு முடிக்கட்டும் என்று. பல கார்டுகளுக்கு உங்கள் ஹெடரைத் தாண்டி டிசிபியைக் கண்டுபிடிக்கத் தெரியாது. ஐபி_சம்ட் புலம் செக்சம்_பார்ஷியல் என்றிருந்தால் ஹெடர் வைப்பதற்கு முன் எஸ்கேபி_செக்சம்_ஹெல்ப் அழைத்து முடித்துவிடுங்கள். சாதாரணமாக, அனுப்பும் மெஷினில் டிசிபிடம்ப் "செக்சம் தவறு" என்று காட்டினால் பயப்பட வேண்டாம், கார்டு இன்னும் கணக்கிடவில்லை என்றுதான் அர்த்தம். வாங்கும் மெஷினிலும் தவறு என்றால்தான் கவலை.

டிமெசேஜில் (கெர்னல் லாகில்) ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது

"ப்ரோட்டோகால் இன்னது இஸ் பக்கி" என்ற வரி டிசிபிடம்ப் ஓடும்போது மட்டும் வரும். புஷ் செய்த பிறகு நெட்வொர்க் ஹெடர் எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் சொல்லவில்லை அல்லது தவறான இடத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். 12 பைட் வைத்தவுடன் எஸ்கேபி_ரீசெட்_நெட்வொர்க்_ஹெடர் அழைத்து, ப்ரோட்டோகால் புலத்தில் 88பி5ஐ நெட்வொர்க் வரிசையில் எழுதிவிட்டுத்தான் ஈதர்நெட் ஹெடர் வைக்க வேண்டும். வாங்கும் பக்கத்திலும் உங்கள் ஹெடரைக் கழற்றியதும் இதையே செய்து, ப்ரோட்டோகாலில் உள்ளே இருப்பதன் வகையை எழுதி மேலே அனுப்புங்கள்.

"எச்டபிள்யூ சிசம் ஃபெய்லியர்" வந்தால், சில கார்டுகள் பாக்கெட் முழுவதற்கும் கூட்டுத்தொகை போட்டுக் கொடுக்கும்; நீங்கள் 12 பைட்டைக் கழற்றிவிட்டு அந்தத் தொகையிலிருந்து கழிக்கவில்லை. எஸ்கேபி_புல்லுக்குப் பதில் எஸ்கேபி_புல்_ஆர்சிசம், அவ்வளவுதான்.

"டெட் லூப் ஆன் வர்ச்சுவல் டிவைஸ்" என்று வந்து அவசரமாகச் சரிசெய்யச் சொன்னால், எஸ்கேபியின் டெவ் புலத்தைக் கீழ்க் கார்டுக்கு மாற்றாமலே டெவ்_கியூ_எக்ஸ்மிட் அழைத்திருக்கிறீர்கள். பாக்கெட் உங்கள் டிவைஸுக்கே திரும்பி வருகிறது.

"ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்" என்றால், ஹேண்ட்லர் சாஃப்ட்ஐஆர்கியூ என்ற குறுக்கீட்டுச் சூழலில் ஓடுகிறது, அங்கே தூங்கக் கூடாது. மியூடெக்ஸ் வேண்டாம், நினைவகம் கேட்கும்போது ஜிஎஃப்பி_அட்டாமிக்.

ஈதர்டைப் இல்லாமல் ஐபி ப்ரோட்டோகால் எண்ணில் வைத்தேன், ஒரு தவறான பாக்கெட் வந்தால் மெஷினே விழுகிறது

ஐபிக்கு மேலே வைப்பவர்கள் பரிசோதனைக்கு ஒதுக்கிய 253 அல்லது 254ஐ எடுத்து ஐநெட்_ஆட்_ப்ரோட்டோகால் மூலம் பதிவு செய்கிறார்கள். எல்லாம் சரி, ஆனால் ஹேண்ட்லர் திருப்பும் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. கெர்னல் எழுதும் பழக்கத்தில் பாக்கெட் தவறாக இருந்தால் அதை விடுவித்துவிட்டு மைனஸ் ஈஇன்வால் திருப்புவோம், அதன் மதிப்பு மைனஸ் 22. ஐபிவி4இல் ஹேண்ட்லர் எதிர்ம எண் திருப்பினால் "இதை இன்னொரு ப்ரோட்டோகாலாக மறுபடி ஓட்டு" என்று அர்த்தம். கெர்னல் அந்தப் பாக்கெட்டை 22ஆம் எண் ப்ரோட்டோகாலாக எடுத்து மீண்டும் அனுப்பப் பார்க்கும், ஆனால் அதை நீங்கள் ஏற்கனவே விடுவித்துவிட்டீர்கள். விடுவித்த நினைவகத்தைத் தொட்டு விழுகிறது. பாக்கெட்டை விடுவித்தால் எப்போதும் பூஜ்யம் திருப்புங்கள். ஐபிவி6க்கு அதே ஹேண்ட்லரை நகலெடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அங்கே குறி தலைகீழ்: நேர்ம எண் திருப்பினால்தான் மறுபடி ஓட்டும்.

மணிக்கணக்கில் நன்றாக ஓடுகிறது, பிறகு நினைவகம் தீர்கிறது அல்லது மாட்யூலை எடுக்க முடியவில்லை

கெர்னல் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ஸ்லாப்டாப் ஓட்டி எஸ்கேபஃப்_ஹெட்_கேச் வரியைப் பாருங்கள், போக்குவரத்து நின்ற பிறகும் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு பிழைப் பாதையில் பாக்கெட்டை விடுவிக்காமல் திரும்புகிறீர்கள். ஹேண்ட்லரில் எத்தனை ரிட்டர்ன் இருக்கிறதோ அத்தனையையும் கையில் எழுதி, ஒவ்வொன்றிலும் எஸ்கேபி யாரிடம் போனது என்று பக்கத்தில் குறியுங்கள். சலிப்பான வேலை, ஆனால் அரை மணி நேரத்தில் முடியும், நான் எந்தக் கருவியாலும் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்ததில்லை. ஒரே ஒரு விதி ஞாபகம் இருக்கட்டும்: டெவ்_கியூ_எக்ஸ்மிட்டுக்குக் கொடுத்த பாக்கெட், அது பிழை என்று திருப்பினாலும், இனி உங்களுடையது அல்ல, நீங்கள் மறுபடி விடுவித்தால் இரட்டை விடுவிப்பு. பாக்கெட்டைப் போடும்போது கேஃப்ரீ_எஸ்கேபி, வேலை முடிந்து விடும்போது கன்ஸ்யூம்_எஸ்கேபி என்று பிரித்து எழுதினால், பெர்ஃப் வைத்து கேஃப்ரீ_எஸ்கேபி ட்ரேஸ்பாயின்ட்டைப் பார்க்கும்போது உண்மையில் விழுந்தவை மட்டும் தெரியும்.

டிசிபிடம்ப்பும் உங்கள் ஹேண்ட்லரும் சேர்ந்து ஓடும்போது மட்டும் டிசிபிடம்ப்பில் பாதி கழற்றிய பாக்கெட் தெரிகிறது என்றால், இருவர் கையிலும் ஒரே எஸ்கேபி இருக்கிறது. ஹேண்ட்லரின் தொடக்கத்தில் எஸ்கேபி_ஷேர்_செக் அழைத்து, அது திருப்புவதை மட்டும் பயன்படுத்துங்கள்.

மாட்யூலை எடுக்கும்போதோ டிவைஸை நீக்கும்போதோ "அன்ரிஜிஸ்டர்_நெட்டிவைஸ்" என்று தொடங்கி, டிவைஸ் விடுபடக் காத்திருப்பதாகவும் யூசேஜ் கவுன்ட் இவ்வளவு என்றும் சில நொடிக்கு ஒருமுறை லாகில் வந்தால், எங்கோ டெவ்_ஹோல்டு செய்துவிட்டு டெவ்_புட் செய்யவில்லை, அல்லது ஒரு வரிசையில் பழைய பாக்கெட் ஒன்று இன்னும் அந்த டிவைஸைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. மாட்யூலை எடுத்த சில நொடியில் கெர்னல் விழுந்தால் டெவ்_ரிமூவ்_பேக் அழைக்காமல் வெளியேறியிருக்கிறீர்கள், அல்லது அடிக்கோடு இரண்டோடு தொடங்கும் அதன் தம்பியை அழைத்திருக்கிறீர்கள். அடிக்கோடு இல்லாதது ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர்கள் எல்லாம் முடியும் வரை காத்திருக்கும், அந்தத் தம்பி காத்திருக்காது. டைமர், வொர்க் கியூ எதையாவது தொடங்கியிருந்தால் டெவ்_ரிமூவ்_பேக்குக்குப் பிறகு அவற்றை நிறுத்துங்கள். முன்னால் நிறுத்தினால் கடைசியாக வரும் ஒரு பாக்கெட் டைமரை மறுபடி கிளப்பிவிடும்.